நான் சீல் வைத்துக் கொடுத்த மோசடி மெயில்

பேங்க் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியில் உங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஒரு வாடிக்கையாளர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போலி மெயிலை நம்பிப் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார். கீழே ‘விழிப்புடன் இருங்கள்’ என்று எழுதியிருக்கும். படத்தில் பேங்க் ஊழியர் ஒருவர்கூட இருக்க மாட்டார். அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் நான் பார்த்த மோசடியில் பேங்க் ஊழியர் இருந்தார். கவுண்டருக்கு உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், கையில் சீலோடு உட்கார்ந்திருந்தார். அது நான்தான்.

மணவூரிலிருந்து தினமும் ரயிலில் திருத்தணிக்கு வந்து வேலை பார்த்தவள் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன், அதிகாரியாக ஓய்வு பெற்றேன். அதற்கு மேல் உயர்வு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இந்தக் கட்டுரையிலேயே வரும்.

முதலில் சீலைப் பற்றிச் சொல்கிறேன். திருத்தணி தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர். பட்டா, சாதிச் சான்று, ரேஷன் அட்டை என்று எதற்காவது மனு எழுதிக்கொண்டே இருக்கிற ஊர். சீல் இல்லாத காகிதத்தை அங்கே யாரும் காகிதமாக மதிப்பதில்லை. பேங்குக்கு வந்தாலும் அதேதான். பணம் கட்டிய ரசீதுக்குச் சீல் கேட்பார்கள், சரி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த கடிதத்தை நீட்டி அதற்கும் கேட்பார்கள். ஒருவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை எனக்கு வைத்துவிட்டு, இன்னொரு பத்திரிகையை நீட்டி, “இதுல ஒரு சீல் வெச்சிக் குடுங்க மேடம், உங்களுக்குக் குடுத்ததுக்கு அத்தாட்சி வேணும்” என்றார். வைத்துக் கொடுத்தேன். வைத்தால்தான் நகர்வார்கள், நகர்ந்தால்தான் அடுத்தவர் வருவார். வருஷக்கணக்கில் இப்படிச் செய்து, என் கை என்னைக் கேட்காமலே சீல் வைக்கப் பழகிவிட்டது.

இரண்டாவதாக, ஒரு சஃபாரி சூட் ஆசாமி. கிளைக்குக் கம்ப்யூட்டர் வராத காலம் அது. ஒருநாள் காலை பத்தரை மணிக்கு, தலைமை அலுவலகத்திலிருந்து திடீர்ச் சோதனை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். சஃபாரி சூட், தோல் பை, சரளமான இங்கிலீஷ். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நான் காபி வாங்கிவர ஆள் அனுப்பினேன். வாடிக்கையாளர்களின் மாதிரிக் கையெழுத்து அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார். சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டில் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அட்டைப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பழைய கோப்புகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர் ஒருவர் இருந்தார். அவர் மட்டும் அந்தச் சீட்டைத் தொடவில்லை. நேராகப் பதிவேட்டு அறைக்குப் போய், பேங்க் அச்சடித்த போன் புத்தகத்தை எடுத்து, அதில் இருந்த தலைமை அலுவலக நம்பரைச் சுற்றினார். மேனேஜர் அவரை முறைத்தபோது அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “சார், அவரு குடுத்த நம்பருல பண்ணா அவரு ஆளுதானே எடுப்பான்?” தலைமை அலுவலகம் யாரையும் அனுப்பவில்லை. அவர் போன் பேசி முடிப்பதற்குள் சஃபாரி சூட் கழிவறை எங்கே என்று கேட்டுப் போனவர், பின்பக்கமாகப் போய்விட்டார். விட்டுப்போன தோல் பைக்குள் பழைய பேப்பர்கள் இருந்தன.

நாங்கள் என்ன செய்தோம்? வந்த காபியைக் குடித்தோம், சிரித்தோம். வெளியே தெரிந்தால் கிளைக்கு அவமானம் என்று மேனேஜர் சொன்னார். யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. போன் போட்டுக் கேட்டவருக்குப் பாராட்டும் இல்லை, அனுமதி கேட்காமல் வெளியூருக்குப் போன் போட்டதற்குத் திட்டு விழுந்தது. அடுத்த வருஷம் அவர் மாற்றலாகிப் போனார். அவர் செய்து காட்டியது எங்களுக்குள் யாருக்கும் ஒட்டவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே சஃபாரி சூட் மெயிலாக வந்தபோது, அன்றைக்கு மேனேஜர் எழுந்து நின்றது போல நான் எழுந்து நின்றேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம், நான் அதிகாரி ஆகிவிட்ட காலத்தில், நெட் பேங்கிங் வந்தது. வந்தது என்றா சொன்னேன்? திணித்தார்கள். மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று ஒவ்வொரு கிளைக்கும் கணக்கு. சேர்க்காவிட்டால் மண்டல அலுவலகத்திலிருந்து மேனேஜருக்குப் போன், மேனேஜரிடமிருந்து எங்களுக்கு முகச்சுளிப்பு. திருத்தணியில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால் கம்ப்யூட்டர் இல்லாதவர்களையும் சேர்த்தோம். பாஸ்வேர்டு இருக்கிற ஒட்டிய உறையைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அனுப்பினோம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றோம். அந்த ‘யாரிடமும்’ என்பதில் பேங்கும் அடக்கம், கேட்பது பேங்காக இருந்தாலும் சொல்லாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்படி நான் சேர்த்தவர்களில் ஒருவர் ஏகாம்பரம். மலைக்கோயிலுக்குத் தலைமுறையாகச் சமைத்துவரும் குடும்பம். இவர் கோயில் சமையலோடு, மலையில் கல்யாணம் வைத்துக்கொள்ள வருகிற குடும்பங்களுக்கும் சமையல் ஒப்பந்தம் எடுப்பார். பாதிப் பேர் சென்னைக்காரர்கள். அவர்கள் சாப்பாட்டுப் பட்டியலை மெயிலில் அனுப்புவார்கள், அட்வான்ஸை அக்கவுண்டில் போடுவார்கள். ஏகாம்பரத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் செண்டர் இருந்தது. அங்கே வாரம் இரண்டு தடவை போவார். கடைக்காரர் மெயிலைத் திறந்து, அச்செடுத்து, படித்துச் சொல்வார். ஏகாம்பரம் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவர் பையிலிருந்து வருகிற எந்தக் காகிதத்திலும் ஓரத்தில் மஞ்சள் தூள் இருக்கும்.

டிசம்பர் முப்பத்தொன்று படித் திருவிழா முடிந்த வாரம். கடைக்காரர்கள் சில்லறை மூட்டைகளோடு வந்து நிற்கிற வாரம். கவுண்டரிலிருந்து வாசல் வரைக்கும் வரிசை. ஏகாம்பரமும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். எங்கள் பேங்கின் சின்னம் மேலே இருந்தது. இங்கிலீஷில் பத்து வரி. பாதுகாப்புக்காக உங்கள் விவரங்களை உறுதி செய்ய வேண்டும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும், கீழே உள்ள இடத்தில் தட்டுங்கள்.

“மேடம், இத கொஞ்சம் பாருங்க. செண்டர்காரு என்னா பண்லாம்னு கேக்கறாரு. நான்தான், இரு, பேங்க்ல ஒரு வார்த்த கேட்டுகினு வந்துர்றேன்னு வந்தேன்.”

பக்கத்தில் சில்லறை எண்ணுகிற சத்தம். பின்னால் நின்றவர் நேரமாகிறது என்று முனகினார். நான் சின்னத்தைப் பார்த்தேன், முடக்கப்படும் என்ற சொல்லைப் பார்த்தேன். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் விளம்பரப் பிரிவு, வாடிக்கையாளர்களுக்கு ‘இங்கே தட்டி விவரங்களைப் புதுப்பியுங்கள்’ என்று ஒரு மெயில் அனுப்பியிருந்தது. உண்மையான மெயில். அதன் நகல் கிளைக்கும் வந்தது. இது அதுதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. நினைக்கவே இல்லை.

“ஆங், நம்ம பேங்க்தான். கேட்டத குடுத்துடுங்க, இல்லாட்டி அக்கவுண்டு நின்னுடும்” என்றேன். என் கை சீலை எடுத்து, மஞ்சள் கறைக்குப் பக்கத்தில் ஓங்கி ஒரு குத்து. கிளையின் பெயர், தேதி, வட்டச் சீல். மோசடிக்காரன் அனுப்பிய கடிதத்தில் என் பேங்கின் சீல். அதைப் போலியாக எவனும் தயாரிக்கவில்லை. நான் வைத்தேன்.

அந்த நாற்பது வினாடியில் நான் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் அவர் பெயர் இல்லை, ‘அன்பான வாடிக்கையாளரே’ என்றுதான் இருந்தது. அவர் பெயர்கூடத் தெரியாத பேங்க் எது? பாஸ்வேர்டு இரண்டையும் கேட்டிருந்தது, உள்ளே போவதற்கான ஒன்றையும் பணம் அனுப்புவதற்கான இன்னொன்றையும். எந்த பேங்கும் அதைக் கேட்காது. கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. நாற்பத்தெட்டு மணி நேரம் என்று கெடு வைத்திருந்தது. யோசிக்க விடாமல் விரட்டுகிறவன் எவனாக இருந்தாலும் அவனைத் திருடன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், தப்பாகப் போனால் பிற்பாடு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். எல்லாம் அந்தப் பத்து வரியிலேயே இருந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

ஏகாம்பரம் சீல் வைத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு செண்டருக்குப் போனார். கடைக்காரர் சீலைப் பார்த்ததும் யோசிக்காமல் மெயிலில் இருந்த இடத்தைத் தட்டினார். எங்கள் பேங்கின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறந்தது. இவர் உறையைப் பிரித்து எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவர் தட்டினார்.

இரண்டு நாள் கழித்து மளிகைக்குப் பணம் எடுக்க வந்தவரிடம் காசாளர் கணக்கில் ஒன்றும் இல்லை என்றார். தை முகூர்த்தங்களுக்காக ஏழு குடும்பங்கள் கொடுத்த அட்வான்ஸ் முழுவதும் போயிருந்தது. வடக்கே ஏதோ ஒரு நகரத்தில் இருக்கிற ஒரு கணக்குக்கு மாற்றி, அங்கே ஏடிஎம்மில் உருவியிருந்தார்கள். முதல் கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. பணம் போனது ஒரு பக்கம். அந்த ஏழு வீட்டிலும் சமையல் நடக்காவிட்டால் மலையில் அவர் குடும்பத்துக்கு இனி யாரும் அடுப்பு கொடுக்க மாட்டார்கள். அவர் பயந்தது அதற்குத்தான்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. கத்தவில்லை. அழவில்லை. கைத் துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். கூட வந்த மைத்துனர்தான் கிளை முழுவதும் கேட்கப் பேசினார். அவர் ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம், அவரும் சமையல் ஒப்பந்தக்காரர். “பாவா, கரண்டி புடிக்கிற கைக்கு எதுக்கு கம்ப்யூட்டரு? யார கேட்டு குடுத்த? சொல்லு, யார கேட்டு குடுத்த?” ஏகாம்பரம் தலையைத் தூக்கவில்லை. “யாரயும் கேக்கல. நானாத்தான் குடுத்தேன்” என்றார்.

நான் அங்கிருந்து பத்தடி தூரத்தில் இருந்தேன். எனக்குக் கேட்டது. வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் திருடியவன் பேரைச் சொல் என்றார்கள். பேர் தெரியாது என்றதற்கு, நீயே கொடுத்துவிட்டு இங்கே வந்து திருட்டு என்கிறாயா என்று கேட்டு அனுப்பினார்கள். எங்கள் மண்டல அலுவலகம் அதையே நல்ல இங்கிலீஷில் சொன்னது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு. ஒரு படிவம் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். ‘என் பாஸ்வேர்டை நானே என் விருப்பப்படி பிறருக்குக் கொடுத்தேன், இதில் வங்கிக்குப் பொறுப்பு எதுவும் இல்லை.’ அதில் அவர் கையெழுத்து வாங்கிவிட்டால் கோப்பை மூடிவிடலாம்.

அப்போதைய மேனேஜர் சென்னையிலிருந்து வந்தவர். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். “மேடம், அவருக்கு உங்க மேல மரியாதை. நீங்க சொன்னா போட்டுடுவாரு. விஷயம் இதோட முடிஞ்சிடும்.” நான் சரி என்றேன். சீல் வைத்த விஷயம் அவருக்குத் தெரியாது. அந்தக் காகிதம் பிரவுசிங் செண்டர் குப்பையில் போயிருக்கும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் படிவத்தோடுதான் கவுண்டரில் உட்கார்ந்தேன். மனசாட்சி உறுத்தியது, எழுந்து உண்மையைச் சொன்னேன் என்றெல்லாம் எழுதினால் அது பொய்.

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஏகாம்பரம் தனியாக வந்தார். உள்ளே கூப்பிட்டு என் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தேன். படிவத்தை நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. “எங்க போடணும் மேடம்?” என்றார். நான் இடத்தைக் காட்டினேன். பேனாவை எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

பிரித்தேன். மஞ்சள் கறை. பக்கத்தில் என் சீல்.

“இத நீங்களே வெச்சிக்குங்க மேடம். வூட்ல இருந்தா மச்சான் கண்ணுல பட்ரும். அவன் சும்மா இருக்க மாட்டான், உங்க வேலைக்கு எதனா ஆயிடும்.”

எனக்குச் சமாதானம் சொல்கிறவர் போல மேலே பேசினார். “சாமிக்கு வெக்கிறத நாங்க ருசி பாக்கக் கூடாது மேடம். உப்பு சரியா, புளி சரியான்னு வாசனைலயே தெரியணும். எங்க நைனா அப்டித்தான் பழக்கினாரு. இந்தக் கடுதாசில எனுக்கு ஒரு வாசனையும் தெரில. தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன். உங்குளுக்கும் தெரில. அவ்ளோதான். நீங்க என்னா, வேணும்னா பண்ணீங்க?”

மறுபடி பேனாவை எடுத்தார்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேங்கில் பத்துப் பதினைந்து வருஷம் வேலை செய்தால் உங்களைத் திட்டுகிறவர்களை எதிர்கொள்ளப் பழகிவிடுவீர்கள். என்னை ஏமாற்றிவிட்டாய் என்று அவர் கத்தியிருந்தால், சட்டப்படி பதில் சொல்லி, கையெழுத்தும் வாங்கியிருப்பேன். கையில் இருந்த ஒரே சாட்சியத்தை என்னிடமே கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தவரை என்ன செய்வது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்கூட வந்தது. இப்படி ஒரு மனிதன் இருப்பானா என்று வந்தது.

படிவத்தை அவர் கைக்குக் கீழே இருந்து இழுத்தேன். பேனா கோடு இழுத்துவிட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தமிழிலேயே எழுதினேன். இன்ன தேதியில் இந்த மெயிலை வாடிக்கையாளர் கவுண்டரில் என்னிடம் காட்டிக் கேட்டார். இது நம் பேங்க் அனுப்பியது, கேட்டதைக் கொடுங்கள் என்று நான் சொன்னேன். அதில் இருக்கிற சீல் நான் வைத்தது. அவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார், தவறு என்னுடையது. கீழே பெயர், ஊழியர் எண், கையெழுத்து. மெயிலையும் சேர்த்துப் பின் அடித்தேன். மூன்று நகல் எடுத்து, ஒன்றை ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். “இத மச்சான்கிட்ட காட்டுங்க. ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு போடுங்க, இதையும் சேத்துப் போடுங்க” என்றேன். “வேணாம் மேடம்” என்றார். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சத்தம் போட்டேன். போனார்.

மேனேஜர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். “இதுல எதுக்கு மேடம் நீங்க போயி? யாருமே உங்கள கேக்கலயே” என்றார். யாரும் கேட்காததுதான் விஷயம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதை மேலே அனுப்பினார். அனுப்பாமல் வைத்திருக்கலாம், அனுப்பினார். அந்த மட்டுக்கு அவருக்கு நன்றி.

பிறகு எனக்கு மெமோ வந்தது. விசாரணை நடந்தது. சங்கத்துக்காரர் வந்து, வாயால் சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம், எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போனது, திரும்பி வரவில்லை. கிளையில் எனக்குப் பின்னால் ‘சீல் மேடம்’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தது யார் என்றும் எனக்குத் தெரியும். தண்டனை நியாயமானது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. நிஜ மெயிலில் ‘இங்கே தட்டுங்கள்’ என்று எழுதி அனுப்பி, திருடனுக்கு வழி போட்டுக் கொடுத்த விளம்பரப் பிரிவில் ஒருவருக்கும் ஒரு மெமோகூடப் போகவில்லை. ஆத்திரம் அதற்குத்தான்.

ஏகாம்பரம் ஏழு கல்யாணத்துக்கும் சமைத்தார். சொந்த அண்டாக்களையும் தவலைகளையும் விற்று மளிகை வாங்கி, வாடகைப் பாத்திரத்தில் சமைத்தார். பணம் திரும்ப வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. குறைதீர்ப்பு அதிகாரி என் தாளைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் ஆட்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் ‘நல்லெண்ண அடிப்படையில், பொறுப்பை ஏற்காமல்’ என்று ஒரு கடிதத்தோடு பணத்தைப் போட்டார்கள். பொறுப்பை ஏற்காமலாம். அவர் பாட்டனார் காலத்து வெண்கல அண்டா அதற்குள் எந்த ஊரில் உருகிப் போனதோ.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். மெயிலில் வருகிற இடத்தைத் தட்டாதீர்கள், பேங்கின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். மெயிலில் இருக்கிற போன் நம்பருக்குப் பேசாதீர்கள், பாஸ்புக்கில் அச்சடித்திருப்பதற்குப் பேசுங்கள் என்று சொல்லுங்கள். பிரவுசிங் செண்டரில் உட்கார்ந்து இன்னொருவரிடம் பாஸ்வேர்டைச் சொல்லித் தட்ட வைக்கிற நிலைமையில் இருப்பவருக்கு, உங்கள் மாதக் கணக்குக்காக நெட் பேங்கிங்கைக் கட்டி விடாதீர்கள். கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் ஓடி வந்தால், ஏன் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷமே கணக்கை நிறுத்துங்கள், பணம் போன கணக்கையும் நிறுத்தச் சொல்லிப் போன் போடுங்கள். திட்டுவதற்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது.

இவ்வளவும் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கும். அதில் இல்லாதது ஒன்றுதான். ஜாக்கிரதையான வாடிக்கையாளர் முதலில் உங்களிடம்தான் வருவார். அவர் வருகிற நேரத்தில் வரிசை நீளமாக இருக்கும்.

பணம் திரும்பி வந்து சில மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, ஏகாம்பரம் மறுபடி வரிசையில் நின்றார். கண்ணாடிக்கு அடியில் ஒரு காகிதம் வந்தது. எங்கள் சின்னம், இங்கிலீஷ், ஓரத்தில் மஞ்சள். இந்தத் தடவை உங்களுக்குப் பணம் திரும்பத் தருகிறோம், விவரம் கொடுங்கள் என்று எழுதியிருந்தது. “எனுக்கு இந்தவாட்டி வாசனை தெரியுது மேடம். ஆனா நீங்களும் ஒருவாட்டி பாத்துடுங்க” என்றார்.

எனக்கும் தெரிந்தது. ஆனாலும் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பதிவேட்டு அறைக்குப் போய் பேங்க் அச்சடித்த போன் புத்தகத்தை எடுத்து வந்து, கவுண்டரிலேயே வைத்து, தலைமை அலுவலக நம்பரைச் சுற்றினேன். ஒருவர் இன்னொருவருக்கு மாற்றினார், அவர் மூன்றாமவருக்கு மாற்றினார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வரிசையில் சத்தம் வந்தது. “இன்னாம்மா, ஒரு கடுதாசிக்கு இம்மா நேரமா?” என்று ஒருவர். “சீல் மேடம் தூங்கிட்டாங்களா?” என்று இன்னொருவர். வெளியிலும் அந்தப் பெயர் பரவியிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. நிற்கட்டும் என்று விட்டேன். அப்படி ஒரு மெயில் நாங்கள் அனுப்பவில்லை என்று மூன்றாமவர் சொன்ன பிறகுதான் போனை வைத்தேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து அந்த மெயிலின் குறுக்கே பெரிய எழுத்தில் ‘பொய்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ஏகாம்பரம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மடிக்காமல் நின்றார்.

“மேடம், சீல் வெக்கலியே.”

வைத்தேன். அவர் அதை பிரவுசிங் செண்டருக்கு எடுத்துப் போய், கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டச் சொன்னார். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. காகிதம் பழுத்துவிட்டது, சிவப்பு மை வெளுத்துவிட்டது. சீல் மட்டும் நன்றாகத் தெரிந்தது.